புதுச்சேரிப் பட்டணமும் அதன் காட்சிகளும்

விடுமுறை தோறும் நம் மாணவர் பலர் கூட்டங்கூட்டமாகப் புதுச்சேரிக்குச் சென்று வருகின்றனர். திரும்பியவரை, "யாது கண்டீர்?" என வினவினால், "கடற்கரையைக் கண்டோம், மஞ்சள் பூசிய மாளிகைகளையும் நேரான வீதிகளையும் கண்டோம், படம் பிடித்துக்கொண்டோம்" என்பர். "அவ்வூரைப் பற்றி அறிந்தது என்ன?" என மேலும் வினவினால், "அது பிரெஞ்சுக்காரர் கட்டிய ஊர்" என்று ஒரே வாக்கியத்தில் விடையிறுத்துவிடுவர். அவ்விடை முற்றிலும் பிழை என்று கூறுதற்கில்லை. ஆயினும் அதனோடு அமைவது அவ்வூருக்கும் அதனைக் கட்டிய எண்ணற்ற கைகளுக்கும் நாம் இழைக்கும் அநீதியாகும். புதுச்சேரி ஒரு முறை கட்டப்பட்ட ஊரன்று. பன்முறை பிறர் கைப்பட்டு, ஒருமுறை ஏறக்குறையத் தரைமட்டமாக்கப்பட்டு, மீண்டும் எழுந்த ஊர் அது. நாம் இன்று வியந்து நோக்கும் மாளிகைகளுள் பெரும்பாலன அவ்வாறு மீண்டும் எழுந்தவையே. இவ்வுண்மையை உளத்திற்கொண்டு அவ்வூரின் சரித்திரத்தையும் காட்சிகளையும் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைப்பும் பெயரும்

சென்னைக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலின் கரையில் இப்பட்டணம் அமைந்துள்ளது. இதன் பழைய பகுதி முட்டை வடிவினது. அதனைச் சுற்றி நாற்புறமும் அகன்ற சாலைகள் வளைந்து செல்கின்றன. உள்ளே வீதிகள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடி ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. வடக்குத் தெற்காகச் செல்லும் ஒரு வாய்க்கால் நகரை இரு கூறாக்குகின்றது. அதன் கிழக்கே கடலையொட்டி இருப்பது பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே இருப்பது தமிழர் வாழ்ந்த பகுதி. அக்காலத்தில் முன்னதை 'வெள்ளை நகர்' என்றும், பின்னதைக் 'கறுப்பு நகர்' என்றும் வழங்கினர். நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரித்த காலத்தின் வடுவாக அவ்வாய்க்கால் இன்றும் கிடக்கின்றது.

'புதுச்சேரி' என்பதற்குப் புதிய குடியிருப்பு என்பது பொருள். மேனாட்டார் நாவில் அது திரிந்து 'பாண்டிச்சேரி' ஆயிற்று. 2006-ஆம் ஆண்டில் அரசாங்கமே பழைய தமிழ்ப் பெயரை மீட்டுச் சட்டப்படி நிலைநாட்டியது. தமிழ்ப் புலவர்கள் இதனைச் சுருக்கிப் 'புதுவை' என்பர்.

பழம் புகழ்

பெயர் புதியதாயினும் ஊர்ப் பகுதி மிகப் பழையது. நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், அரிக்கமேடு என்னும் மேடு ஒன்றுண்டு. கிரேக்கர் எழுதிய கடற்பயண நூலிலும் தாலமி என்பாரின் பூகோள நூலிலும் கூறப்படும் 'பொதுகே' என்னும் துறைமுகம் இதுவே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். இங்குச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கிய மணிகளைக் கண்டு வியந்து, இம்மேட்டின் பெருமையை 1930-களிலேயே உலகிற்கு உணர்த்த முயன்றவர் புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ஜூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1945-இல் மார்ட்டிமர் வீலர் என்பார் இங்கு முறையாக அகழ்ந்து, இத்தாலி தேசத்தில் வனையப்பட்ட செந்நிறக் கலங்களின் ஓடுகளையும், திராட்சை மது கொணர்ந்த இருபிடிச் சாடிகளின் துண்டுகளையும் வெளிப்படுத்தினார். அவருக்குப் பின் கசால் என்பாரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் அகழ்ந்தனர். உரோமர் வருகைக்கு முன்பே இங்கு மக்கள் குடியிருந்தனர் என்பதும், உரோம வாணிகம் தளர்ந்த பின்பும் இவ்விடம் பாழாகிவிடவில்லை என்பதும் பின்னைய ஆராய்ச்சியால் தெளிவாயின. எனவே, உரோமர் வந்து உண்டாக்கிய ஊர் அன்று இது. உள்ளூரார் மணி செய்தும் வாணிகம் நடத்தியும் வந்த துறைக்கு உரோமர் தேடி வந்தனர் என்பதே பொருத்தம்.

கல்வியில் ஈடுபட்ட நமக்கு இன்னொரு செய்தியும் இன்பம் தரும். புதுச்சேரிக்குத் தென்மேற்கே உள்ள பாகூரில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் கிடைத்துள்ளன. அங்கிருந்த கல்விச் சாலை ஒன்றன் பொருட்டு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டமையை அவை கூறுகின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னரே மாணவரும் ஆசிரியரும் வாழ்ந்த நிலம் இது என்பதை நாம் மறத்தலாகாது.

மேனாட்டார் வருகை

பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிகளுக்கு ஐரோப்பாவிலும் கீழை நாடுகளிலும் பெருவிலை இருந்தது. அத்துணிகளை நாடியே போர்த்துக்கேசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தேனியரும் ஒருவர் பின் ஒருவராக இக்கரையில் வந்திறங்கினர். பிரெஞ்சுக்காரர் கடைசியில் வந்தவர். கொல்பேர் என்னும் அமைச்சரின் முயற்சியால் 1664-இல் அவர்களுடைய கிழக்கிந்தியக் கும்பெனி தோன்றியது. பீஜப்பூர்ச் சுல்தானின் கீழ் வாலிகண்டபுரத்திலிருந்து இப்பகுதியை ஆண்ட ஷேர்கான் லோடி என்பார், 1673-இல் புதுச்சேரியில் தங்கி வாணிகம் செய்ய அவர்களுக்கு இடம் அளித்தார். மறு ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் என்பார் ஒரு சிறு கூட்டத்தாருடன் இங்கு வந்து தங்கினார். நெசவாளரை அழைத்துக் குடியேற்றியும், சுற்றியிருந்த அரசர்களின் நட்பைப் பெற்றும், அவர் பொறுமையோடு ஊரை வளர்த்தார்.

ஆனால் அவர் கட்டியது நெடுநாள் அவர் கையில் நிற்கவில்லை. 1693-இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டுப் பட்டணத்தைக் கைப்பற்றினர். ஆறு ஆண்டுகளே அவர்கள் ஆண்டனராயினும், அக்காலத்திற்குள் இவ்வூருக்கு ஒரு திட்டம் வகுத்தனர். நெசவாளர் பாவோட்டுதற்கும் தொழில் நடத்துதற்கும் ஏற்ற நேரான வீதிகளைக் குறித்த அவ்வரைபடம் 1694-இல் எழுதப்பட்டது. 1697-இல் ரிஸ்விக் என்னுமிடத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1699-இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. அவர்கள் பகைவர் வகுத்த திட்டத்தை நல்லது எனக் கண்டு ஏற்றுக்கொண்டனர். இன்று 'பிரெஞ்சு நகரத்தின் அழகு' என நாம் புகழும் நேர்வீதிகளின் வித்து ஒல்லாந்தர் இட்டது. அதன் காரணம் தமிழ் நெசவாளரின் தறி. பிரெஞ்சுக்காரர் அதனை வளர்த்து நிறைவித்தனர். ஒரு வீதிக்குள்ளே மூன்று இனத்தாரின் பங்கு அடங்கியிருப்பதைக் காண்க!

மர்த்தேன் 1706-ஆம் ஆண்டின் இறுதியில் இறந்தார். அதற்குள் புனித லூயியின் பெயரால் ஒரு பெருங்கோட்டை எழுந்துவிட்டது. பின்வந்த லெனுவார், துமா முதலிய கவர்னர்களின் காலத்தில் பட்டணம் செழித்தது.

ஆனந்தரங்கரும் அவர் கண்ட காலமும்

இக்காலத்துப் புதுச்சேரியை நேரிற் கண்டார்போல நாம் அறிய உதவுபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, இளமையிலேயே புதுவைக்கு வந்து, வாணிகத்தில் உயர்ந்து, டூப்ளே துரைக்குத் தலைமைத் துபாஷியாக விளங்கியவர் இவர். 1736 முதல் ஏறக்குறைய இறக்குங்காறும் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, துணி விலை, அரண்மனை இரகசியம், வீதிச் சண்டை, தம் மனக்குறை ஆகிய அனைத்தையும் அக்காலத்துப் பேச்சு வழக்கிலேயே எழுதி வைத்தார். அஃது அச்சிடுதற்கென எழுதப்பட்டதன்று. ஆதலின் அதிற் பொய்ப்புனைவும் குறைவு. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்பார் கண்டெடுத்து வெளிப்படுத்தியிராவிடின், அப்பெருஞ்செல்வம் செல்லுக்கு இரையாகியிருக்கும்.

அந்நாட்குறிப்பில் வெற்றியும் உண்டு, வேதனையும் உண்டு. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது புதுவை களிப்பில் மூழ்கியது. இரண்டாண்டு கழித்து, 1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட்டார். அம்முற்றுகையின்போது, நகரின் நடுவே இருந்த பழைய வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரார் அழுது முறையிட்டும் பயனில்லை. கவர்னரின் நம்பிக்கைக்குரியவராயிருந்தும் அதனைத் தடுக்கவியலாத தம் நிலையைப் பிள்ளை துயரத்தோடு குறித்துள்ளார். அக்கோயில் பிற்காலத்தில் வேறிடத்தில், இன்று ஈசுவரன் கோயில் வீதி எனப்படும் வீதியில், மீண்டும் எழுந்தது. சமயத்தின் பெயரால் நிகழ்ந்த அத்தீமையை ஒளியாது கூறுவதே சரித்திரம் கற்பார்க்கு அழகு.

பேரிடிவு

1754-இல் டூப்ளே தாய்நாட்டிற்குத் திருப்பியழைக்கப்பட்டார். பின்னர்ப் படைத்தலைவராக வந்த லாலி, 1758-இல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் புனித தாவீது கோட்டையைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். பழிக்குப் பழி விரைவில் வந்தது. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் புதுவையை நெடுநாள் முற்றுகையிட்டார். உள்ளே பசி மிகுந்தது. 1761 ஜனவரி 12-ஆம் நாள் ஆனந்தரங்கப் பிள்ளை உயிர் நீத்தார். நான்கு நாளில் பட்டணம் பகைவர் வசமாயிற்று. தாம் வாழ்ந்து பதிவு செய்த நகரின் வீழ்ச்சியைக் காணாது அவர் கண் மூடியது ஒருவகையில் நற்பேறே.

பிறகு நிகழ்ந்தது கொடிது. கோட்டை, கவர்னர் மாளிகை, தேவாலயங்கள், ஐரோப்பியர் இல்லங்கள் யாவும் திட்டமிட்டுத் தகர்க்கப்பட்டன. தேவனாம்பட்டினத்திற்கு ஈடாகப் புதுவை தரைமட்டமாயிற்று. அரசர்களின் பகைக்கு ஊர் விலை கொடுத்தது.

இவ்விடிபாடுகளுக்கிடையே நிகழ்ந்த ஒரு செய்தி மாணவர் அறியத்தக்கது. வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னே கடந்து செல்வதை அளந்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணிக்க அக்கால வானநூலார் விழைந்தனர். அதன்பொருட்டு 1760-இல் பிரான்சினின்றும் புறப்பட்ட லெ ஜாந்தீ என்னும் அறிஞர், புதுவை வீழ்ந்த செய்தி கேட்டு இடைவழியில் திரும்ப நேர்ந்தது. 1761 ஜூனில் அந்நிகழ்ச்சி நடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடும் கப்பலில் இருந்தார், அளவை கைகூடவில்லை. மனந்தளராது அடுத்த கடப்புக்கென எட்டாண்டு காத்திருந்தார். ஊர் திரும்பப் பெறப்பட்ட பின்னர்ப் புதுவைக்கு வந்து, இடிந்த கட்டடத்தின்மேல் ஒரு வான்காட்சி மேடை அமைத்தார். 1769 ஜூன் மாதம் அந்நாளும் வந்தது. அதற்கு முந்திய நாள்கள் பல தெளிந்திருக்க, அன்று காலையில் மேகம் வானை மூடியது. கடப்பு முடிந்தபின் கதிரவன் முகங்காட்டினான்! அடுத்த கடப்போ 105 ஆண்டு கழித்தே வருவது. வெறுங்கையோடு 1771-இல் பிரான்சு திரும்பினவர், தாம் இறந்துவிட்டதாகவே அங்கு எண்ணப்பட்டிருந்ததைக் கண்டார். ஆயினும் அவர் இத்தமிழ்நாட்டில் வீணே இருந்தாரல்லர். நம்மவர் சோழிகளை வைத்துக் கிரகணங்களைக் கணிக்கும் முறையைக் கற்று, அதனை மேனாட்டார்க்கு எடுத்துரைத்தார். தேர்வில் ஒருமுறை தவறியவுடன் மனமுடையும் மாணவர், இவர் வரலாற்றைச் சிறிது சிந்திப்பாராக.

மீண்டெழுந்த நகரம்

1763-இல் பாரிசு உடன்படிக்கை ஏற்பட்டது. 1765-இல் லா தெ லொரிஸ்தோன் என்பார் வந்து, பழைய வீதி அமைப்பின்மேலேயே நகரை மீளக் கட்டத் தொடங்கினார். தமிழ்க் கொத்தரும் தச்சரும் சுண்ணாம்புக் காளவாய்க்காரரும் இல்லையேல் அது கூடியிராது. இதன் பின்னரும் 1778-இலும் 1793-இலும் ஆங்கிலேயர் பட்டணத்தைக் கைப்பற்றினர். இறுதியாக 1816-ஆம் ஆண்டு டிசம்பரில் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. அப்போது அவர்களுக்குப் பேரரசு நாட்டும் கனவு கலைந்துவிட்டது. படை குறைந்தது, பள்ளியும் நூலகமும் தோட்டமும் தோன்றின. 1826-இல் தாவரத் தோட்டமும், 1827-இல் பொது நூலகமும் அமைந்தன. அந்நூலகமே இன்று ரோமன் ரோலன் பெயரால் வழங்குகின்றது. பாரிசு அயல்நாட்டு வேதபோதகச் சங்கத்தார் நிறுவிய அச்சகத்திலிருந்து, மூசே, துய்ப்புய் என்னும் குருமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-இலும் 1862-இலுமாக இரு பாகங்களாய் வெளிவந்தது. இவர்களுள் துய்ப்புய் அடிகளார் பெண்கல்விக்காக 1844-இல் கன்னியர் சபை ஒன்றைத் தோற்றுவித்து, நம் நாட்டுப் பெண்களுக்குப் பள்ளிகள் திறக்கச் செய்தார்.

நிற்க. சமத்துவம் பேசிய பிரெஞ்சுக் குடியரசிலும் அதனைப் போராடியே பெறவேண்டியிருந்தது. 1873-இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்னும் வழக்கறிஞர் மேனாட்டுப் பாதரட்சை அணிந்து நீதிமன்றம் புகுந்தமைக்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் பணியவில்லை. பாரிசிலிருந்த உச்ச நீதிமன்றம் வரை முறையிட்டு வென்றார். ஒரு செருப்பின் வழக்கு ஒரு சமூகத்தின் மானத்தைக் காத்தது.

காணத்தக்க இடங்கள்

இனி நகருக்குள் நடந்து காண்போம். காலை வேளையே ஏற்றது. தெற்கே இரயில் நிலையத்திலிருந்து புறப்படுவோமாயின், முதலில் திரு இருதய ஆண்டவர் ஆலயம் எதிர்ப்படும். கூரிய வளைவுகளோடும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களோடும் 1907-இல் நிறைவுற்ற இவ்வாலயம், 2011-இல் பசிலிக்கா என உயர்த்தப்பட்டது. வடக்கே சென்றால் மிஷன் வீதியில் ஊரார் 'சம்பா கோயில்' என்னும் அமலோற்பவ அன்னை தலைமைக் கோயில் உள்ளது. 1761-இல் முந்திய கோயில் அழிந்தபின் எழுந்து, 1791-இல் அருட்பொழிவு பெற்றது இது. கடலுக்கு அருகே, 1855-இல் லூயி கேர் என்னும் சிற்பி அமைத்த தேவதூதரின் அன்னை ஆலயம் இளஞ்சிவப்பு வண்ணத்தோடு விளங்குகின்றது. கப்புச்சின் துறவிகளின் நினைவாக மக்கள் அதனைக் 'கப்ஸ் கோயில்' என்பர். வெள்ளை நகரின் நடுவிலேயே மணக்குள விநாயகர் கோயில், பிரெஞ்சுக்காரர் வருகைக்கும் முற்பட்ட தன் இடத்தை விடாது நிற்கின்றது. மணல் சூழ்ந்த குளத்தங்கரையில் இருந்தமையால் அப்பெயர் பெற்றதென்பர். தமிழ் நகரின் தென்கிழக்கில், வாய்க்காலுக்கு அப்பால், முகம்மதியர் வாழும் வீதிகளும் குத்பாப் பள்ளிவாசலும் உள்ளன. ஒரு நாழிகை நடைக்குள் முச்சமயத்தாரின் வழிபாட்டு ஒலிகளையும் கேட்கலாம்.

கடற்கரைச் சாலை புதுவையின் திருமுகம். செஞ்சிக் கோட்டைப் பகுதியிலிருந்து கொணர்ந்த சிற்பத் தூண்கள் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. அதன் அருகே 1836-இல் ஏற்றப்பட்டு 1979 வரை மரக்கலங்களுக்கு வழிகாட்டிய பழைய கலங்கரை விளக்கம் உளது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த வீரர்களுக்கு 1938-இல் திறந்த நினைவுச் சின்னமும் அங்கேயே உண்டு.

இவையனைத்தினும் நம் உள்ளத்தைக் கவர்வது பாரதி பூங்காவின் நடுவே வெண்ணிறத்தோடு நிற்கும் ஆயி மண்டபம். பண்டு விஜயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் உழவர்கரைப் பக்கம் வந்தபோது, ஒளிவீசிய ஒரு மாளிகையைக் கோயிலென்று கருதிக் கைகூப்பினாராம். அஃது ஆயி என்னும் தாசியின் வீடென்று அறிந்ததும் சினந்து, அதனை இடிக்கக் கட்டளையிட்டார். ஆயி, தானே இடித்து அவ்விடத்தில் குளம் வெட்ட அனுமதி வேண்டிப் பெற்றாள். இஃது ஊரார் வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும், முத்திரைப்பாளையத்து நீரின் பயன் உண்மை. நகரின் கிணற்று நீர் உப்புக் கரித்தமையால், லமைரெஸ் என்னும் பொறியாளர் 1863-இல் அவ்வூற்று நீரைப் பட்டணத்திற்குக் கொணர்ந்தார். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த இம்மண்டபம் அந்நன்றியின் சின்னமாம். படைத்தலைவருக்கே வெற்றித்தூண் நாட்டும் உலகில், தன் வீட்டை இடித்துத் தண்ணீர் தந்த ஒரு பெண்ணின் பெயரால் நகரின் நடுவே மண்டபம் நிற்பது எத்துணைப் பெருமை! அதுவே இன்று புதுவை அரசின் சின்னமாகவும் விளங்குகின்றது.

வாய்க்காலைக் கடந்து தமிழ் நகருக்குள் புகுவார் சிலரே. அங்கேதான் இந்நகரின் உயிர் உள்ளது. வழிநடப்போர் வெயிலுக்கு ஒதுங்க, வீதியை நோக்கிச் சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம். அயலார் கேளாமலே அமர்ந்து இளைப்பாறத் திண்ணை. சித்திர வேலை செய்த தேக்கு நிலைக்கதவு. உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம்: இஃது அவ்வீடுகளின் இலக்கணம். வெள்ளை நகரின் இல்லங்களோ உயர்ந்த மதிலால் வீதியை விலக்கி, உள்ளே தோட்டத்தை நோக்கி வளைவுத் தாழ்வாரம் திறப்பன. ஒன்று வருவாரை வரவேற்கின்றது; மற்றொன்று ஒதுங்கி நிற்கின்றது. காலப்போக்கில் இரண்டும் கலந்து, கீழ்மாடம் தமிழ் முறையாகவும் மேல்மாடம் பிரெஞ்சு முறையாகவும் அமைந்த புதுவகை வீடுகள் தோன்றின. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையே அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பேரிடிவைத் தாண்டி அஃது இன்றும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கின்றது.

புகலிடமும் விடுதலையும்

பிறர் ஆட்சியின் கீழ் இருந்தமையாலேயே இவ்வூர் ஒரு காலத்தில் தேசபக்தர்க்குப் புகலிடமாயிற்று. 1908-இல் சுப்பிரமணிய பாரதியார் இங்கு வந்து, 'இந்தியா' பத்திரிகையை இங்கிருந்து நடத்திப் பத்தாண்டு வாழ்ந்தார். 1910-இல் அரவிந்தரும், வ. வே. சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு ஆகியன பிறந்தது இம்மண்ணிலே. இவ்வூரில் 1891-இல் பிறந்த கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர், பாரதியாரிடம் கொண்ட அன்பால் பாரதிதாசன் ஆனார். இவ்விரு கவிஞரின் வீடுகளும் இன்று நினைவில்லங்களாக உள்ளன.

தொழிலாளரும் தம் குருதியால் இவ்வூர்ச் சரித்திரத்தில் ஒரு பக்கம் எழுதினர். 1936 ஜூலை 30-ஆம் நாள் நியாயமான வேலை நேரமும் கூலியும் கேட்டுப் போராடிய ஆலைத் தொழிலாளர்மீது துப்பாக்கி சுடப்பட்டது, பன்னிருவர் மாண்டனர். இந்தியா விடுதலை பெற்று ஏழாண்டு கழிந்தும் புதுவை காத்திருந்தது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைதலையே விரும்பினர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைம்மாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி உறுதியாயிற்று. பலமுறை போரால் கைம்மாறிய பட்டணம், இம்முறை ஒரு வாக்குப் பெட்டியால் கைம்மாறியது. வெளியேறியவரோடும் பகை மிஞ்சவில்லை. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் இங்கே தமிழும் வடமொழியும் ஆய்கின்றது. இங்குத் தொகுத்துக் காக்கப்படும் சைவ ஆகமச் சுவடிகள் 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

நம் கடமை

இனிக் கூறவேண்டியது ஒன்றுண்டு. பீரங்கியின் காலம் போயிற்று. ஆயினும் இடிவு நின்றபாடில்லை. 2014 நவம்பரில் பெய்த மழையில், கடற்கரையில் நின்ற 'மேரி' என்னும் பழைய நகரமன்றக் கட்டடம் சரிந்து வீழ்ந்தது. ஒரு குண்டும் விழவில்லை. ஒரு பகைவனும் வரவில்லை. நெடுநாள் பேணாமையே அதனை வீழ்த்தியது. பின்னர்ப் பழைய வடிவிலேயே மீளக் கட்டி 2021-இல் திறந்தனர். அரசாங்கக் கட்டடத்திற்கு அரசாங்கம் உண்டு. தமிழ் நகரின் திண்ணை வீட்டுக்கு யார் உளர்?

அவ்வீட்டாரைக் குறை கூறுதல் எளிது; அவர்தம் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தையின் வீடு மக்கள் பலருக்குப் பங்காகின்றது. ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் வல்ல கொத்தர் அருகி வருகின்றனர். செலவோ பெரிது, வாடகையோ சிறிது. இடித்துவிட்டு அடுக்கு மாடி எழுப்பினாலோ ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு தளம் கிட்டும். ஆதலின் தேக்குத் தூண்கள் பழம்பொருட் கடைக்குச் செல்கின்றன. திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவு வருகின்றது. வழிப்போக்கன் இளைப்பாற இடமின்றிப் போகின்றான்.

வழி இல்லாமல் இல்லை. வைசியாள் வீதி என்னும் கலவை சுப்புராயச் செட்டியார் வீதியில், வீட்டாரும் பண்பாட்டுக் காப்பாளரும் அரசாங்கமும் கூடி முகப்புகளைப் புதுக்கித் தாழ்வாரங்களை மீட்டனர். அம்முயற்சிக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பரிசு கிடைத்தது. கடற்கரையிலும் இப்படிப்பினை உண்டு. 1980-களில் துறைமுகத்திற்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே செல்லும் மணலின் ஓட்டத்தைத் தடுத்தமையால் நகரின் மணற்கரை தேய்ந்து, கருங்கற் குவியலே எஞ்சியது. 2018-இல் கடலுக்குள் ஒரு திட்டு அமைத்தபின், ஒரு பகுதியில் மணல் மீண்டும் படிந்தது. இயற்கையின் போக்கை அறிந்து செய்த வேலை பயன் தந்தது. அறியாது செய்த வேலை கரையை உண்டது.

மாணவர்காள்! அடுத்த முறை புதுவைக்குச் செல்லும்போது கடற்கரையோடு திரும்பிவிடாதீர். வாய்க்காலைக் கடந்து செல்லுங்கள். ஒரு பழைய வீட்டின் திண்ணையில், வீட்டாரின் அனுமதியோடு, சற்றே அமருங்கள். பெரியவர் எவரேனும் இருப்பின் அவ்வீட்டின் வரலாற்றைக் கேளுங்கள்; கேட்டதை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை செய்தது அவ்வளவே. அவர் காத்த கோட்டை இன்று இல்லை. அவர் தொண்டு செய்த கும்பெனி இல்லை. அவர் எழுதிய ஏடு இருக்கின்றது. உங்களுட் சிலர் நாளைப் பொறியாளராவீர்; சிலர் அதிகாரிகளாவீர்; சிலர் ஒரு பழைய வீட்டுக்குப் பங்காளிகளே ஆவீர். அந்நாளில் இடிப்பதற்குக் கையெழுத்திடுமுன், இப்பட்டணம் எத்தனை முறை இடிந்தது என்பதையும், ஒவ்வொரு முறையும் அதனை எழுப்பியவர் யார் என்பதையும் ஒரு கணம் எண்ணுவீராயின், இக்கட்டுரை எழுதிய பயனை அடைந்தேனாவேன்.